தொண்டையில் இருப்பதெல்லாம் பகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் குளிர்காலத்தை ஒட்டி வந்த குறிப்பில் மூன்று யோசனைகள் இருந்தன. மூக்கையும் தொண்டையையும் கிருமியே இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும்; அதற்குக் கிருமிநாசினித் திரவத்தால் தினமும் இருவேளை கொப்பளிக்க வேண்டும்; சளி பிடித்த முதல் நாளே ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டால் நெஞ்சுக்கு இறங்காது. மூன்றும் தவறு. மூன்றாவது ஆபத்தும் கூட. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சளியையும், தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததையும் கல்ச்சர் வைத்து, அதாவது அவற்றிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க் பக்கம் தமிழ் எழுத்தைத் தடையின்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா, பாட்டிகள். அச்சில் வந்ததை நம்பி வீட்டாருக்கு வாசித்துச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பதும் பல வீடுகளில் அவர்களே. ஆகவே சற்று நீளமாக விளக்க இடம் கொடுங்கள்.

ஆரோக்கியமான மனிதரின் மூக்கும் தொண்டையும் ஒருநாளும் கிருமியற்று இருப்பதில்லை. பிறந்த உடனே தாயிடமிருந்தும் தூக்கிக் கொஞ்சுபவர்களிடமிருந்தும் பாக்டீரியாக்கள் வந்து குடியேறத் தொடங்குகின்றன. நோய் தருபவை அவற்றில் சில மட்டுமே. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நோய் தரும் இனங்கள் பலவற்றுக்கு நோய் தராத நெருங்கிய சொந்தம் அதே தொண்டையில் குடியிருக்கிறது. ஒரே இடம், ஒரே உணவு, ஒரே ஒட்டும் முறை. பங்காளிகளுக்குள் நிலத்தகராறு வருவதுபோல இவற்றுக்குள்ளும் போட்டி வரும். அந்தப் போட்டியில் சாதுவான பங்காளி ஜெயித்தால் லாபம் நமக்கு. கிருமிநாசினியும் தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கும் அந்தப் போட்டியில் யாரை வெளியேற்றுகின்றன என்பதுதான் எங்கள் கவலை.

நாங்கள் தினமும் பார்க்கும் ஒரு ஜோடியைச் சொல்கிறோம். முதலாவது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்ஸே. பெயரைப் பார்த்துவிட்டு இதுதான் ஃப்ளூ காய்ச்சல் கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். 1892-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இதைக் கண்டு, இதுவே காரணம் என்று நம்பினார். உண்மைக் காரணமான வைரஸ் 1933-இல்தான் பிடிபட்டது. தவறான பெயர் மட்டும் பாக்டீரியாவோடு தங்கிவிட்டது. இந்தப் பாக்டீரியாவில் உறை போர்த்திய வகைகளும் உறையில்லாத வகையும் உண்டு. உறை போர்த்தியவற்றில் ‘பி’ வகை குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியைத் தரும் கொடியது. அதற்கான ஹிப் தடுப்பூசி தென்னாப்பிரிக்காவில் 1999 முதல் அரசு கிளினிக்குகளில் போடப்படுகிறது. அந்தத் தடுப்பூசி உறையைக் குறிவைப்பது. உறையே இல்லாத வகைக்கு அது பிடி கொடுக்காது. இன்று குழந்தைகளின் நடுக்காது அழற்சிக்கும், சைனஸ் தொல்லைக்கும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குத் திடீரென மூச்சிரைப்பு கூடுவதற்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த உறையில்லாத வகை.

இரண்டாவது ஹீமோஃபிலஸ் ஹீமோலிட்டிக்கஸ். தொண்டையில் சும்மா வாழ்ந்துவிட்டுப் போவது. மிக அரிதாக, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் ரத்தத்தில் அகப்பட்டதுண்டு. மற்றபடி யாருக்கும் தீங்கு செய்யாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் யார், தம்பி யார் என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இரண்டு பொருள்கள் தேவை: ஒன்று ஹீம், அதாவது ரத்தச் சிவப்பணுவில் இரும்பைத் தாங்கி நிற்கும் மூலக்கூறு, மற்றொன்று என்.ஏ.டி. என்ற துணைநொதி. ஆய்வகத்தில் இவற்றை எக்ஸ் என்றும் வி என்றும் சொல்வோம். இரண்டையும் தருவதற்காகவே சாக்லேட் அகார் என்ற வளர்ப்புக் கூழைத் தயாரிக்கிறோம். அதில் சாக்லேட் கிடையாது. ரத்தத்தைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து ஹீமும் என்.ஏ.டி.யும் வெளியே வருகின்றன, என்.ஏ.டி.யைச் சிதைக்கும் நொதியும் அந்தச் சூட்டில் செயலிழக்கிறது. நிறம் பழுப்பாக மாறுவதால் அந்தப் பெயர். சூடாக்காத ஆட்டு ரத்த அகாரில் அந்த நொதி உயிரோடிருப்பதால் ஹீமோஃபிலஸ் வளராது. ஆனால் அந்த அகார் ஊற்றிய பிளேட்டின் நடுவே ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்துவிட்டு, 35 முதல் 37 டிகிரியில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள அடைகாப்பானில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை அந்தக் கோட்டின் இரு ஓரமும் பனித்துளி போலச் சாம்பல் நிறப் புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும். கோட்டுக்கு அருகில் பெரியவை; விலக விலகச் சிறியவை; இரண்டு விரல்கடை தள்ளினால் எதுவுமில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் சிவப்பணுவை உடைத்து, என்.ஏ.டி.யையும் சுரந்து கொடுக்க, அந்த ஓரத்தில் மட்டும் ஹீமோஃபிலஸ் பிழைக்கிறது. ஒரு கிருமியின் வாழ்வு பக்கத்துக் கிருமியின் கையில் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பிளேட் வேறு இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஹீமைத் தானே தயாரிக்கும் வழி இவ்விரு இனங்களுக்கும் இல்லை. வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். நம் உடலோ ஹீமைச் சும்மா விடுவதில்லை. ஹீமோகுளோபின், ஹீமோபெக்சின் போன்ற புரதங்களுக்குள் பூட்டி வைத்திருக்கும். தொண்டையில் கிடைப்பது கஞ்சத்தனமான அளவு. அதற்கான போட்டியில் ஹீமோலிட்டிக்கஸின் சில ரகங்கள் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே அனுப்புகின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து ஹீமோஃபிலின் என்று பெயரிட்டார்கள். அது ஹீமைக் கவ்விக்கொள்கிறது. கவ்விய ஹீமை ஹீமோலிட்டிக்கஸால் வாங்கிக்கொள்ள முடிகிறது, இன்ஃபுளுவென்ஸேயால் முடியவில்லை. நஞ்சு எதுவும் இதில் இல்லை. பானையில் இருக்கும் சோற்றை ஒருவர் முன்னதாகவே எடுத்துப் பூட்டிவிட, மற்றவர் பட்டினி கிடக்கிறார். பட்டினி கிடக்கும் பாக்டீரியா பெருகாது. பெருகாவிட்டால் செல்லின் மேல் கூட்டமாக ஒட்டவும் ஆள் போதாது.

இது சோதனைக் குழாயோடு நின்றுவிடவில்லை. மனிதச் சுவாசப் பாதையின் உட்சுவர் செல்களை ஆய்வகத் தட்டில் ஒரே படலமாக வளர்த்து, அவற்றின் மேலும் இதே குழு சோதித்து 2021-இல் வெளியிட்டது. இவ்வகைச் சோதனையின் நடைமுறையைச் சொன்னால் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும். முதலில் செல் படலத்தின் மேல் ஹீமோலிட்டிக்கஸை விட்டு இடம் பிடிக்க அவகாசம் கொடுக்கிறார்கள். பிறகு இன்ஃபுளுவென்ஸேயைச் சேர்க்கிறார்கள். குறித்த நேரம் கழித்து, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, மிஞ்சியவற்றை எண்ணுகிறார்கள். செல்லின் மேலே ஒட்டியவை எத்தனை, உள்ளே நுழைந்துவிட்டவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல ஜென்டாமைசின் மருந்து உதவும். அது ஓரிரு மணி நேரத்துக்குள் செல்லுக்குள் போதிய அளவு புகாது. ஆகவே வெளியே இருப்பவை எல்லாம் சாகும், உள்ளே ஒளிந்தவை பிழைக்கும். மருந்தைக் கழுவி, செல்லை உடைத்து, பத்து பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பிளேட்டில் பரப்பி எண்ணினால் உள்ளே போனவற்றின் கணக்கு கிடைக்கும். மருந்தைச் சரியாகக் கழுவாமல் விட்டால் உள்ளே இருந்தவையும் வெளியே வரும்போது செத்து, கணக்கு பொய்யாகக் குறையும். இரு இனமும் ஒன்றுபோல இருப்பதால், எந்தப் புள்ளி எதனுடையது என்று மரபணுச் சோதனையாலோ வேறு அடையாளத்தாலோ பிரிக்காமல் எண்ணினாலும் கணக்கு தவறும்.

ஹீமோஃபிலின் சுரக்கும் ரகம் முன்னதாக இடம் பிடித்திருந்த செல்களில் இன்ஃபுளுவென்ஸே ஒட்டுவதும் உள்ளே நுழைவதும் குறைந்தன. அந்த ரகத்திலிருந்து ஹீமோஃபிலின் மரபணுவை மட்டும் நீக்கிவிட்டுச் செய்தபோது அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆகவே இடநெருக்கடி ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது. உள்ளே நுழைவது குறைவதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். செல்லுக்குள் புகுந்த இன்ஃபுளுவென்ஸேக்கு எதிர்ப்பணுக்களும் பல மருந்துகளும் எட்டாது. மருந்து முடிந்ததும் அது வெளியே வருகிறது. ‘போன மாசம்தான் காதுக்கு மருந்து குடித்தான், மறுபடியும் வந்துவிட்டது’ என்று தாய்மார் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஹீமோலிட்டிக்கஸ் எல்லாமே இந்தப் புரதத்தைச் சுரப்பதில்லை. மரபணு இருந்தும் மிகக் குறைவாகச் சுரக்கும் ரகங்கள் உண்டு, அவற்றால் பயனில்லை. மேலும், தட்டில் வளரும் செல் படலம் வேறு, சளியும் நுண்மயிர்களும் எதிர்ப்பணுக்களும் உள்ள உயிருள்ள தொண்டை வேறு. ஆரோக்கியமான பெரியவர்களின் தொண்டைத் தடவல்களை டாஸ்மேனியக் குழு சோதித்தபோது, ஹீமோஃபிலின் மரபணு உள்ள ரகம் குடியிருந்தவர்களிடம் இன்ஃபுளுவென்ஸே குறைவாகவே காணப்பட்டது. நம்பிக்கை தரும் செய்தி இது. ஆனால் கடையில் வாங்கிப் போடும் மருந்தாக இது இன்னும் வரவில்லை. ‘நல்ல கிருமி’ என்று எழுதிய ஏதோ ஒரு பொடியைக் கரைத்து மூக்கில் விடவோ, தயிர்த் தெளிவைச் சொட்டு விடவோ யாரும் துணிய வேண்டாம். தயிரில் இருப்பவை பாலுக்குப் பழகியவை. இந்தப் பங்காளிச் சண்டையில் அவற்றுக்கு வேலையே இல்லை. பிள்ளையின் நுரையீரலுக்குள் திரவம் இறங்கினால் புதிய வினை.

அடுத்து, எங்கள் சொந்தத் துறையின் குறை ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாதுவான ஹீமோலிட்டிக்கஸை இன்ஃபுளுவென்ஸே என்று எழுதிவிடுவது ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் தவறு. எக்ஸ், வி பொருள்கள் ஊறிய சோதனை வில்லைகள் இரண்டு இனத்துக்கும் ஒரே விடையைத்தான் தரும். குதிரை ரத்த அகாரில் சிவப்பணுவைக் கரைத்துத் தெளிந்த வளையம் போட்டால் ஹீமோலிட்டிக்கஸ் என்று பாடப்புத்தகம் சொல்லும். பல ரகங்கள் வளையமே போடுவதில்லை. போடுபவையும் மறுபடி மறுபடி வளர்க்கையில் அந்தக் குணத்தை இழந்துவிடும். அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் 2007-இல் தங்கள் சேமிப்பில் இன்ஃபுளுவென்ஸே என்று எழுதி வைத்திருந்தவற்றை மரபணு முறையில் மறுபடி சோதித்தார்கள். நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் சளியில் எடுத்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு ஹீமோலிட்டிக்கஸ். குழந்தைகளின் மூக்கு வழித் தடவலில் எடுத்தவற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். நோய் கூடியதற்கு அவை காரணமாகவும் இல்லை. இப்போது புரதங்களைக் கொண்டு கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி உள்ள ஆய்வகங்களில் இந்தத் தவறு குறைந்திருக்கிறது. அதன் தரவுத்தொகுப்பு பழையதாக இருந்தால் அதுவும் சறுக்கும். சந்தேகம் வந்தால் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

வாசகருக்கு இதில் என்ன வேலை என்றால், ‘ஹீமோஃபிலஸ் வளர்ந்திருக்கிறது’ என்று ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே மருந்து கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள். கல்ச்சரில் வளர்ந்தது என்பதற்கு நோய் என்று பொருள் இல்லை. காய்ச்சல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரே, சளியில் வெள்ளணுக்கள் இவற்றோடு சேர்த்தே மருத்துவர் அதைப் படிப்பார். ‘இது நோய் செய்யும் அளவில் இருக்கிறதா, குடியிருப்பா? இனத்தை எந்த முறையில் உறுதி செய்தார்கள்?’ என்று கேளுங்கள். நியாயமான கேள்வி, நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

மாதிரி சரியாக இருந்தால்தான் பதிலும் சரியாக இருக்கும். எங்களிடம் வருவதில் கணிசமானவை சளியே அல்ல, எச்சில். காலையில் எழுந்து, எதுவும் உண்பதற்கு முன், வெறும் தண்ணீரால் இரண்டு முறை வாய் கொப்பளியுங்கள். பற்பசையோ கிருமிநாசினியோ அன்று வேண்டாம். அது மாதிரியிலுள்ள கிருமியைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை மட்டும் டப்பாவில் துப்புங்கள். ஒரு தேக்கரண்டி அளவு போதும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஹீமோஃபிலஸும், நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவும் தாமதத்தைத் தாங்காதவை. வாய்க் கிருமிகள் அதற்குள் பெருகி அவற்றை மூடிவிடும். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்கு வாய்த் தோல் செல்கள் 10-க்கு மேல் இருந்தால் அது எச்சில் என்று ஒதுக்குகிறோம். வெள்ளணுக்கள் 25-க்கு மேல் இருந்தால் நெஞ்சிலிருந்து வந்தது என்று ஏற்கிறோம். ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகு கொடுத்த மாதிரியில் எதுவும் வளராமல் போகலாம். ஆகவே மாதிரி முதலில், மருந்து பிறகு. ஆள் மூச்சுக்குத் திணறும்போது மட்டும் இந்த வரிசையைப் பார்க்கக் கூடாது, மருந்துதான் முதலில்.

பச்சைச் சளி என்றால் பாக்டீரியா, உடனே மாத்திரை என்ற எண்ணமும் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பச்சை நம் வெள்ளணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் வெள்ளணு வரும், பச்சையும் வரும். சாதாரணச் சளி 7 முதல் 10 நாள். இருமல் அதற்கு மேலும் இழுக்கும். ஆன்டிபயாட்டிக் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது.

நோய் தராத சொந்தத்தை மனிதரின் மூக்கில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்த சோதனையும் உண்டு. மூளையுறை அழற்சி தரும் மெனிங்கோகாக்கஸுக்கு நெய்சீரியா லாக்டாமிக்கா என்ற சாதுவான உறவு உண்டு. சிறு குழந்தைகளின் தொண்டையில் அதிகம் காணப்படுவது. இங்கிலாந்தில் 310 பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு 10,000 உயிருள்ள லாக்டாமிக்காவை மூக்குச் சொட்டாகவும், மறுபாதிக்கு வெறும் உப்பு நீரையும் விட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு இது: லாக்டாமிக்கா பெற்ற பிரிவில் மெனிங்கோகாக்கஸ் தங்கியிருந்தவர்கள் இரண்டே வாரத்தில் 24.2 சதவீதத்திலிருந்து 14.7 சதவீதமாகக் குறைந்தார்கள்; பலன் 16 வாரமாவது நீடித்தது. சொட்டு விட்டவர்களில் மூன்றில் ஒருவரிடம்தான் லாக்டாமிக்கா குடியேறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல கிருமியை விடுவது எளிது, தங்கவைப்பது கடினம். நமக்குள் தானாகவே குடியேறியிருப்பவற்றைக் காப்பாற்றுவது எவ்வளவு மதிப்புள்ளது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஆன்டிபயாட்டிக் பற்றி டர்பனிலிருந்து பேசும் எங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பெனிசிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் பணியாத நியூமோகாக்கஸ் பற்றி 1977-இல் உலகுக்குத் தெரிவித்த அறிக்கை இந்த நகரத்திலிருந்து போனது. அடுத்த ஆண்டே பல மருந்துகளுக்கும் பணியாத ரகங்கள் பற்றி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செய்தி வந்தது. நியூமோகாக்கஸ் அந்த எதிர்ப்பை எங்கிருந்து பெற்றது என்று பிற்பாடு மரபணுக்களைப் பார்த்தபோது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் போன்ற சாதுவான தொண்டைவாசிகளின் மரபணுத் துண்டுகள் அதில் ஒட்டுப் போட்டதுபோல இருந்தன. தேவையில்லாமல் விழுங்கிய மருந்து முதலில் அந்தச் சாதுக்களைத்தான் பழக்குகிறது. பிழைத்தவை மருந்தைத் தாங்கக் கற்றவை. நோய்க்கிருமி அவற்றிடமிருந்து அந்த மரபணுவை எடுத்துக்கொள்கிறது. காவலாக இருக்க வேண்டிய சொந்தம் நம் கைப்பிழையால் பகைவனுக்கு ஆயுதம் கொடுப்பதாக முடிகிறது. ஹீமோஃபிலஸிலும் இதே கதை. மருந்தைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி உள்ள இன்ஃபுளுவென்ஸே அமாக்சிசிலினைத் தாங்கி நிற்கும். அந்த நொதியில்லாத சாது அழிந்துபோகும். காலியான இடம் யாருக்குப் போகும்?

தென்னாப்பிரிக்காவில் ஆன்டிபயாட்டிக் நான்காம் அட்டவணை மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் மீந்துபோன அமாக்சிசிலின் பாட்டில் குளிர்பதனப் பெட்டிக் கதவில் நிற்கிறது. அக்கா பிள்ளைக்கு வாங்கியது தங்கை பிள்ளைக்குப் போகிறது. கரைத்த சிரப் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் இழக்கும். எடைக்கேற்ற அளவும் வேறு. குறைந்த அளவில், குறைந்த நாளில் கொடுக்கும் மருந்து, மேலே சொன்ன பழக்குதலுக்கு மிக வசதியானது. மீந்ததை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மருந்து வேண்டிய இடத்தில் யாரும் மருந்தைத் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பயம் எங்களுக்கு உண்டு. ஆகவே அழுத்திச் சொல்கிறோம். 3 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு இருமலும் மூக்கொழுக்கும் இல்லாமல் திடீர்த் தொண்டைவலி, காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் வலிக்கும் நெறிக்கட்டி இருந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கீல்வாதக் காய்ச்சலில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கக்கூடும். இந்த நாட்டில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. கிளினிக்கில் ஒரே பென்சத்தீன் பெனிசிலின் ஊசியோடு வேலை முடியும்: 30 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். வாய்வழி என்றால் 10 நாள் முழுவதும்.

நிமோனியாவைக் கண்டுகொள்ள வீட்டிலேயே மூச்சை எண்ணலாம். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறும். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே கிளினிக். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க மறுத்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனை. காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, கண்ணாடித் தம்ளரால் அழுத்தினால் மறையாத செம்புள்ளிகளோ தெரிந்தால் ஆம்புலன்ஸ். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை வேண்டும், எச்.ஐ.வி. உள்ளவர்கள் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளை இடையில் விழுங்கினால் காசநோய் தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது தாமதமாகும். 2 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு காதில் மட்டும் லேசான வலி என்றால், வலிமருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அவர் அக்கறையில்லாமல் அனுப்பிவிட்டார் என்று எண்ணி வேறு மருத்துவரிடம் ஓட வேண்டாம்.

கொப்பளிக்க வேண்டுமென்றால் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். வலிக்கு இதம் தரும். கிருமியைக் கொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கொல்லவும் தேவையில்லை. மூக்கைக் கழுவுவதானால் கொதித்து ஆறிய நீர் மட்டும். குழாய் நீரை நேரே விடக் கூடாது. குளோர்ஹெக்சிடின் போன்ற திரவம் பல் மருத்துவர் ஈறு நோய்க்காகச் சில நாளுக்கு எழுதிக் கொடுப்பது. தினசரிப் பழக்கத்துக்கு உரியதல்ல. தெற்கு டர்பனின் ஆலைப் புகைக்கு மேல், குளிர் என்று ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே சாம்பிராணியும் ஊதுவத்தியும் போட்டால், சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் துவண்டுவிடும். சுவாசப் பாதையின் உட்சுவர் புண்பட்டால் இன்ஃபுளுவென்ஸேக்கு ஒட்ட வசதி. சாமிக்குப் புகை போடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கைக்குழந்தையை வேறு அறையில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

நல்ல கிருமி இருக்கிறதே, ஊசி எதற்கு என்றும் கேட்காதீர்கள். ஹிப் அடங்கிய கூட்டுத் தடுப்பூசி 6, 10, 14-ஆம் வாரங்களிலும் 18-ஆம் மாதத்திலும். நியூமோகாக்கல் தடுப்பூசி 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும். அரசு கிளினிக்கில் கட்டணம் இல்லை. தேதி தவறியிருந்தால் பிள்ளையின் தடுப்பூசி விவரம் உள்ள ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

ஆசிரியர் அவர்களே, திருத்தம் வெளியிடுவதானால் எங்கள் வேண்டுகோள் இதுதான். முந்தைய குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘சளிக்கு முதல் நாளே ஆன்டிபயாட்டிக்’ என்ற வரியைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, அதன் கீழே மூச்சு எண்ணும் கணக்கை வயதுவாரியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள். பாட்டிமார் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா